ஹெல்ப்டெஸ்க் மென்பொருளை நம் தொழிலுக்கு ஏற்ப அமைப்பது: எந்த வேலை முதலில், எது கடைசியில்

வாடிக்கையாளர் அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையையும் எண்ணிட்ட ஒரு டிக்கெட்டாகப் பதிந்து, பதில் சொல்ல உதவுவது ஹெல்ப்டெஸ்க் மென்பொருள். புது ஹெல்ப்டெஸ்க் கணக்கு கைக்கு வந்ததும் அநேகமாக எல்லோரும் செய்யும் முதல் வேலை லோகோவை ஏற்றுவது. அடுத்தது நிறம் மாற்றுவது. பிறகு நேராக ஆட்டோமேஷன் (தானாக ஓடும் விதிகள்) பக்கத்துக்குப் போய்க் கண்ணில் பட்ட ஸ்விட்சையெல்லாம் ஆன் செய்வது. இரண்டு வாரம் கழித்து எந்த டிக்கெட் ஏன் யாரிடம் போகிறது என்று கேட்டால், அமைத்தவருக்கே பதில் தெரியாது.

கோளாறு பெரும்பாலும் வேலை செய்த வரிசையில் இருக்கிறது. விதிகள் ஃபீல்டுகளை (படிவத்தில் நிரப்பும் கட்டங்களை) நம்பி நிற்கின்றன. ஃபீல்டுகள், வாடிக்கையாளர் என்ன கேட்டு வருகிறார் என்பதை நம்பி நிற்கின்றன. எஸ்எல்ஏ (இத்தனை நேரத்துக்குள் பதில் சொல்வோம் என்ற உறுதி) கடிகாரம் வேலை நேரத்தை நம்பி ஓடுகிறது. அடியில் இருப்பதை விட்டுவிட்டு மேலே கட்டினால் எல்லாவற்றையும் இரண்டு முறை செய்ய வேண்டி வரும். இங்கே சொல்லும் வரிசை ஜென்டெஸ்க், ஃப்ரெஷ்டெஸ்க், ஜோஹோ டெஸ்க், ஓஎஸ்டிக்கெட் என எதற்கும் பொருந்தும். மெனுவின் பெயர்தான் மாறும்.

1. செட்டிங்ஸைத் திறக்கும் முன் 200 மெயில் படியுங்கள்

பொதுவான ஆதரவு இன்பாக்ஸில் கடைசியாக வந்த 200 மெயிலை எடுத்து, ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் மெயிலுக்கு ஒரு வரி எழுதுங்கள்: என்ன கேட்டார், யார் பதில் சொன்னார், பதில் சொல்ல அவரிடம் திரும்பக் கேட்க வேண்டியிருந்த தகவல் எது. அரை நாள் வேலை. இதைத் தாவியவர்கள் பிறகு ஒரு மாதம் இழுபடுவதைப் பார்த்திருக்கிறேன்.

முதல் நெடுவரிசையைத் தொகுத்தால் வகைகள் கிடைக்கும். இரண்டாவது, எத்தனை குழு வேண்டும் என்று சொல்லிவிடும். மூன்றாவது நெடுவரிசைதான் தங்கம். "ஆர்டர் எண் என்ன?" என்று முப்பது தடவை திரும்பக் கேட்டிருக்கிறீர்கள் என்றால் அது படிவத்தில் இருக்க வேண்டிய ஃபீல்ட். யாரும் ஒருமுறைகூடக் கேட்காத "துறை", "பதவி" போன்றவை படிவத்தில் இருக்கவே கூடாது.

வகைகளை நிர்வாகக் கூட்டத்தில் உட்கார்ந்து யோசித்து எழுதாதீர்கள். கூட்டத்தில் பிறக்கும் வகைகள் நிறுவனத்தின் துறை அமைப்பைப் போலவே இருக்கும். வாடிக்கையாளருக்கு உங்கள் துறைகள் தெரியாது. "பணம் எடுத்துவிட்டார்கள், பொருள் வரவில்லை" என்பது மட்டும்தான் தெரியும்.

2. கையில் இருக்க வேண்டியவை

டொமைனின் டிஎன்எஸ் பதிவுகளை (இணையப் பெயருக்கான தள, மெயில் விவரங்கள் இருக்கும் பட்டியலை) மாற்றும் உரிமை, அல்லது அந்த உரிமை உள்ளவரின் அரை மணி நேரம். தடைபடும் வேலைகளில் முக்கால்வாசி இங்கேதான் தடைபடும்: டிஎன்எஸ் கடவுச்சொல் எப்போதோ வேலையை விட்டுப்போன ஒருவரிடம் இருக்கும். அதை முதல் நாளே தேடத் தொடங்குங்கள்.

ஆதரவு முகவரியின் மெயில் நிர்வாக உரிமையும் வேண்டும். வேலை செய்யப்போகிறவர்களின் பட்டியல், வேலை நேரம், ஆண்டின் விடுமுறை நாட்கள். இவற்றோடு நிறுவனத்துக்குச் சம்பந்தமில்லாத இரண்டு சோதனை முகவரிகள், வேறு வேறு மெயில் சேவைகளில். ஏன் வேறு முகவரி என்பது 11ஆம் படியில் தெரியும்.

சாண்ட்பாக்ஸ் (நிஜ வாடிக்கையாளரைத் தொடாமல் சோதித்துப் பார்க்கும் தனி இடம்) வசதி உங்கள் திட்டத்தில் இருந்தால் அதில் தொடங்குங்கள். இல்லையென்றால் ஆதரவு மெயிலை இணைக்காமல் வைத்திருப்பதே சாண்ட்பாக்ஸ் மாதிரிதான். மெயில் இணைப்பைப் பின்னால் தள்ளியிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

3. நேர மண்டலம், வேலை நேரம், விடுமுறை

ஐந்து நிமிட வேலை, ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் வர வேண்டும். நேர மண்டலம் தவறாக இருந்தால் அறிக்கைகளில் நாள் மாறிவிழும், எஸ்எல்ஏ நள்ளிரவில் காலாவதியாகும். பிறகு திருத்தினாலும் ஏற்கெனவே பதிவான கணக்குகள் பல மென்பொருள்களில் தாமாகத் திருந்துவதில்லை.

4. குழுக்களும் அனுமதிகளும்

குழு என்பது டிக்கெட் காத்திருக்கும் வரிசை. ஒரு வரிசையைத் தினமும் பார்க்கக் குறைந்தது இரண்டு பேராவது இல்லையென்றால் அதைக் குழுவாக்காதீர்கள். அந்த ஒருவர் விடுப்பில் போகும் நாளில் டிக்கெட்டுகள் அங்கேயே உறங்கும். ஐந்து பேர் வேலை செய்யும் இடத்தில் ஒன்பது குழுக்களைப் பார்த்திருக்கிறேன். எந்த டிக்கெட்டும் யாருடையதும் இல்லை என்பதுதான் அதன் விளைவு.

ஒவ்வொரு குழுவுக்கும் "இன்னும் யாருக்கும் ஒதுக்கப்படாதவை" என்ற ஒரு பார்வையை (வடிகட்டிய டிக்கெட் பட்டியலை) உருவாக்கி, எல்லோருடைய பட்டியலிலும் முதலில் வையுங்கள். எந்த விதியிலும் சிக்காத டிக்கெட் கடைசியில் இங்கேதான் வந்து விழும்.

அட்மின் உரிமையை இரண்டு பேருக்கு மேல் கொடுக்க வேண்டாம். யாரும் வேண்டுமென்று கெடுப்பதில்லை. ஆனால் ஆளுக்கொரு விதி போட்டால், எது எதனோடு மோதுகிறது என்று பின்னால் கண்டுபிடிக்கவே முடியாது.

5. ஸ்டேட்டஸ்: புதிதாகச் சேர்க்கும் ஆசையை அடக்குங்கள்

ஸ்டேட்டஸ் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்ல வேண்டும்: பந்து இப்போது யார் பக்கம்? நம் பக்கமா, வாடிக்கையாளர் பக்கமா, மூன்றாவது ஆள் பக்கமா, ஆட்டம் முடிந்ததா. ஜென்டெஸ்கில் ஓபன், பெண்டிங், ஆன்-ஹோல்ட், சால்வ்ட், குளோஸ்ட் என்று இருப்பது இதே பிரிவுதான். ஆன்-ஹோல்ட் மட்டும் நாமே ஆன் செய்தால்தான் வரும்.

"கணக்குப் பிரிவில் சரிபார்க்கப்படுகிறது", "மேலாளர் ஒப்புதலுக்கு" என்று சேர்த்துக்கொண்டே போகிறவர்கள், ஸ்டேட்டஸைக் குழுவின் வேலைக்கும் ஃபீல்டின் வேலைக்கும் பயன்படுத்துகிறார்கள். யாரிடம் இருக்கிறது என்பதைக் குழு சொல்லட்டும். என்ன கட்டத்தில் இருக்கிறது என்பதை ஒரு டிராப்டவுன் சொல்லட்டும். காரணம் எளிது: எஸ்எல்ஏ கடிகாரம் எப்போது நிற்க வேண்டும் என்பது ஸ்டேட்டஸைப் பார்த்தே முடிவாகிறது. பதினான்கு ஸ்டேட்டஸ் வைத்தால் பதினான்குக்கும் கடிகாரம் ஓடுமா நிற்குமா என்று நீங்கள் முடிவுசெய்ய வேண்டும்.

சால்வ்டுக்கும் குளோஸ்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் குழுவில் எல்லோருக்கும் விளக்கிவிடுங்கள். ஜென்டெஸ்கில் சால்வ்ட் ஆன டிக்கெட்டுக்கு வாடிக்கையாளர் பதில் எழுதினால் அது மறுபடி திறக்கும். குளோஸ்ட் ஆனதற்கு எழுதினால் பழையதோடு இணைத்த புது டிக்கெட்தான் வரும். சால்வ்ட் ஆகி 4 நாளில் மூடும் ஆட்டோமேஷன் அங்கே முன்கூட்டியே இருக்கிறது. உங்கள் பொருள் வாடிக்கையாளர் கைக்குப் போய்ச் சேரவே ஒரு வாரம் ஆகும் என்றால் அந்த 4 நாள் போதாது. முதல் வாரத்திலேயே மாற்றுங்கள்.

6. ஃபீல்டுகளும் படிவமும்

அதிகம் சறுக்கும் இடம் இது. எனவே மெதுவாகப் போவோம்.

முதலில் ஃபீல்டுகளை இரண்டாகப் பிரியுங்கள்: வாடிக்கையாளர் நிரப்புவது, ஏஜென்ட் (பதில் சொல்லும் நம் ஆள்) நிரப்புவது. வாடிக்கையாளருக்கு மூன்று, மிஞ்சினால் நான்கு. அவர் ஏற்கெனவே எரிச்சலில் வந்திருக்கிறார். பத்துக் கட்டம் நிரப்பச் சொன்னால் படிவத்தை மூடிவிட்டு மெயில் அனுப்புவார். அதில் ஒரு கட்டமும் இருக்காது.

"அவசரத்தின் அளவு" என்ற ஃபீல்டை வாடிக்கையாளருக்குக் காட்டாதீர்கள். எல்லோரும் மிக அவசரம் என்றே தேர்ந்தெடுப்பார்கள், அவரவர் இடத்தில் அது உண்மையும்கூட. அதற்குப் பதிலாக நிலைமையைக் கேளுங்கள்: "வேலை முழுக்க நின்றுவிட்டது / ஒரு பகுதி நின்றது / தகவல் மட்டும் வேண்டும்". ஐடி ஆதரவில் இருப்பவர்களுக்கு இது பழகிய கணக்கு: எத்தனை பேரைப் பாதிக்கிறது, எவ்வளவு சீக்கிரம் தேவை, இரண்டையும் பெருக்கிப் பார்த்து முன்னுரிமை. அந்தப் பெருக்கலை விதி செய்யட்டும்.

டிராப்டவுனில் எந்தத் தேர்வும் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கக் கூடாது. முதல் தேர்வு தானாகவே விழுந்திருந்தால் அதை யாரும் மாற்ற மாட்டார்கள். மாதக் கடைசியில் அறிக்கையைப் பார்த்து "டெலிவரியில்தான் இத்தனை பிரச்சினையா!" என்று கூட்டம் போடுவீர்கள். அகர வரிசையில் டெலிவரி முதலில் இருந்ததுதான் பிரச்சினை.

ஃபீல்டின் வகையைத் தீர்மானிப்பதில் நிதானம் தேவை, ஏனென்றால் உருவாக்கிய பிறகு வகையைப் பல மென்பொருள்களில் மாற்ற முடியாது. ஒரு சின்ன உதாரணம். ஆர்டர் எண்ணுக்கான ஃபீல்டை "எண்" வகையில் உருவாக்கினேன், எண்தானே என்று. வாடிக்கையாளர் 00417 என்று அடித்தால் 417 என்று பதிவானது. ஆர்டர் மென்பொருளில் 417 என்று ஒன்றும் இல்லை. முன்னால் பூஜ்யம் வரக்கூடியது, எழுத்து கலக்கக்கூடியது, கூட்டிக் கழிக்கத் தேவையில்லாதது எதுவானாலும் "உரை" வகைதான். வடிவத்தைச் சரிபார்க்கும் வசதி இருந்தால் அதைத் தனியே போடுங்கள்.

ஏஜென்ட் பக்க ஃபீல்டுகளில் ஒன்றே ஒன்றைக் கட்டாயமாக்குங்கள்: "உண்மையான காரணம்". அதையும் டிக்கெட் திறக்கும்போது கேட்க வேண்டாம். சால்வ் செய்யும்போது மட்டும் கேட்குமாறு வையுங்கள். தொடக்கத்தில் காரணம் யாருக்கும் தெரியாது. அப்போது கேட்டால் கைக்கு வந்ததைத் தட்டிவிட்டு நகர்வார்கள்.

கடவுச்சொல்லோ கார்டு விவரமோ கேட்கும் ஃபீல்ட் எந்த நிலையிலும் வேண்டாம். பிசிஐ டிஎஸ்எஸ் என்ற கார்டுப் பாதுகாப்புத் தரநிலைப்படி, பணப் பரிவர்த்தனைக்கு ஒப்புதல் கிடைத்த பிறகு கார்டின் சிவிவி எண்ணைச் சேமித்து வைக்கவே கூடாது. நீங்கள் கேட்காவிட்டாலும் சிலர் கார்டு எண்ணை மெயிலிலேயே எழுதுவார்கள். எண்ணை மறைக்கும் வசதி உங்கள் மென்பொருளில் இருந்தால் இப்போதே ஆன் செய்யுங்கள்.

கடைசியாக, புதியவர்கள் எல்லோரும் மறக்கும் ஒன்று: மெயில் வழியாக வரும் டிக்கெட்டில் இந்த ஃபீல்டுகள் எல்லாம் காலியாகவே இருக்கும். படிவம் நிரப்பியவருக்கு மட்டும்தான் படிவம். இதை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த படிகளைப் படியுங்கள்.

7. விதிகள்

ஒவ்வொரு விதியையும் மென்பொருளில் ஏற்றும் முன் ஒரே வாக்கியமாகத் தாளில் எழுதுங்கள்: "புது டிக்கெட் வந்ததும், வகை ரீஃபண்ட் என்றிருந்தால், கணக்குக் குழுவுக்கு அனுப்பு." ஒரு வாக்கியத்தில் அடங்கவில்லை என்றால் அது இரண்டு விதி.

விதிகள் இரண்டு சாதி. ஏதோ நடந்தவுடன் ஓடுபவை ஒன்று. நேரத்தைப் பார்த்து ஓடுபவை மற்றொன்று. ஜென்டெஸ்கில் முதலாவதற்கு ட்ரிகர் என்றும் இரண்டாவதற்கு ஆட்டோமேஷன் என்றும் பெயர். ஆட்டோமேஷன் மணிக்கு ஒருமுறைதான் ஓடும். அதனால் "15 நிமிடத்தில் யாரும் எடுக்காவிட்டால் எச்சரி" என்பதை மணிக்கொருமுறை ஓடும் விதியில் எழுதிவிட்டுக் காத்திருப்பதில் பயனில்லை.

நேர விதியில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. "48 மணி நேரத்துக்கு மேல் பெண்டிங்கில் இருந்தால் நினைவூட்டு" என்று எழுதினால், 49ஆம் மணியிலும் அது உண்மை, 50ஆம் மணியிலும் உண்மை. அணை போடாவிட்டால் வாடிக்கையாளருக்கு மணிக்கொரு நினைவூட்டல் போகும். எனவே விதி ஓடியதும் "நினைவூட்டியாயிற்று" என்று ஒரு டேக் (அடையாளச் சொல்) ஒட்ட வேண்டும். அந்த டேக் இருந்தால் ஓடக் கூடாது என்பதை நிபந்தனையில் சேர்க்க வேண்டும். சில மென்பொருள்கள் இந்த அணை இல்லாத விதியைச் சேமிக்கவே விடாது. சில கண்டுகொள்ளாது.

வரிசையும் முக்கியம். ஜென்டெஸ்கில் ட்ரிகர்கள் மேலிருந்து கீழாக ஓடும். ஒன்று டிக்கெட்டை மாற்றினால் பட்டியல் மறுபடி முதலிலிருந்து சரிபார்க்கப்படும். ஆகவே வகைப்படுத்தும் விதிகள் மேலே, குழுவுக்கு அனுப்புபவை நடுவில், மெயில் அனுப்புபவை அடியில். மெயில் விதி மேலே இருந்தால் இன்னும் குழு முடிவாகாத டிக்கெட்டுக்கு அறிவிப்பு போய்விடும். பெயருக்கு முன்னால் எண் போட்டுவையுங்கள்: "10-வகை-ரீஃபண்ட்", "20-குழு-கணக்கு", "30-மெயில்-ரசீது". பத்துப் பத்தாக விட்டால் நடுவில் புதிதாகச் செருக இடம் இருக்கும்.

மெயில் டிக்கெட்டில் ஃபீல்ட் காலி என்று சொன்னேனே, அதற்காக மெயிலின் சொற்களை வைத்து வகைப்படுத்தப் பார்ப்பீர்கள். செய்யலாம், ஆனால் தலைப்பு வரியில் மட்டும் தேடுங்கள். மெயிலின் உடலில் தேடியதன் பலனை நானே அனுபவித்தேன். "சட்டம்" தொடர்பான சொற்கள் வந்தால் மேலாளருக்கு அனுப்பு என்று ஒரு விதி எழுதியிருந்தேன். ஒரு பெரிய வாடிக்கையாளர் நிறுவனத்தின் ஒவ்வொரு மெயிலின் அடியிலும் ஒரு சட்ட எச்சரிக்கைப் பத்தி இருக்கும். அவர்கள் "நன்றி" என்று எழுதினாலும் மேலாளரின் தொலைபேசி அலறியது. இரண்டு நாள் பொறுத்தவர் மூன்றாம் நாள் என் மேசைக்கே வந்துவிட்டார்.

எந்த விதியிலும் சிக்காத டிக்கெட்டுக்கு என்று பட்டியலின் அடியில் ஒரு விதி இருக்கட்டும்: குழு காலியாக இருந்தால் பொதுக் குழுவுக்கு அனுப்பு. தொடக்கத்தில் மொத்தம் எட்டு விதிகள் போதும்.

8. எஸ்எல்ஏ

இரண்டு இலக்குகள் மட்டும் வையுங்கள்: முதல் பதில், முடிவான தீர்வு. இரண்டையும் வேலை நேரத்தில் எண்ணுகிறதா, நாட்காட்டி நேரத்தில் எண்ணுகிறதா என்பதைத் தனித்தனியாகப் பாருங்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். வேலை நேரம் திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 9 முதல் மாலை 6. முதல் பதிலுக்கு 4 மணி நேரம். வெள்ளி மாலை 5 மணிக்கு டிக்கெட் வருகிறது. வேலை நேரக் கணக்கில் வெள்ளியன்று 1 மணி, திங்களன்று 3 மணி. கெடு திங்கள் பகல் 12. நாட்காட்டிக் கணக்கில் கெடு அன்றிரவு 9 மணி. திங்கள் காலை அலுவலகம் திறக்கும்போதே பட்டியல் முழுக்கச் சிவப்பாக இருந்தால் காரணம் இதுதான்.

வாடிக்கையாளரின் பதிலுக்குக் காத்திருக்கும்போது தீர்வுக் கடிகாரம் நிற்கிறதா என்று பாருங்கள். "உங்கள் மெயில் கிடைத்தது" என்று தானாகப் போகும் ரசீது மெயிலை "முதல் பதில்" என்று எண்ணுகிறதா என்றும் பாருங்கள். எண்ணினால் உங்கள் எஸ்எல்ஏ எப்போதும் நூற்றுக்கு நூறு, பார்க்க அழகாக இருக்கும்.

ஒன்றுக்கு மேற்பட்ட கொள்கைகள் இருந்தால் கறாரான நிபந்தனை உள்ளது மேலே வரட்டும். மேலிருந்து முதலில் பொருந்துவதை எடுத்துக்கொள்ளும் மென்பொருளில் "எல்லா டிக்கெட்டும்" என்பது முதலில் இருந்தால் அடியில் இருப்பவை ஒருநாளும் ஓடாது.

9. மெயிலை இணைத்தல்

அடித்தளம் தயார். இப்போதுதான் குழாயைத் திறக்கிறோம்.

உள்ளே வரும் பக்கம்: ஆதரவு முகவரிக்கு வருவதை ஹெல்ப்டெஸ்க் கொடுத்த முகவரிக்கு ஃபார்வர்ட் செய்ய வேண்டும். ஜிமெயிலில் இதைச் செய்தால் உறுதிப்படுத்தும் குறியீடு ஒன்று அந்த முகவரிக்குப் போகும். "குறியீடு வரவில்லையே" என்று இன்பாக்ஸில் தேடிக்கொண்டிருப்பார்கள். அது ஹெல்ப்டெஸ்குக்குள் ஒரு டிக்கெட்டாக வந்து உட்கார்ந்திருக்கும். அங்கும் இல்லையென்றால் ஸ்பேம் பார்வையில் பாருங்கள்.

ஆதரவு முகவரி ஒரு கூகுள் குரூப்பாக இருந்தால் கவனம். அனுப்புநரின் டொமைனில் டிமார்க் கொள்கை (தன் பெயரில் வரும் போலி மெயிலை என்ன செய்ய வேண்டும் என்று அந்த டொமைன் சொல்லும் விதி) கறாராக இருந்தால் குரூப் அனுப்புநர் முகவரியைத் தன் முகவரியாக மாற்றி அனுப்பும். வேறு வேறு வாடிக்கையாளர்களின் டிக்கெட்டுகள் எல்லாம் உங்கள் சொந்த ஆதரவு முகவரியின் பெயரில் விழுவது இதனால்தான். பதில் முகவரியைப் பார்த்து உண்மையான ஆளைக் கண்டுபிடிக்கும் அமைப்பு இருந்தால் ஆன் செய்யுங்கள். இல்லையென்றால் நிஜமான அஞ்சல் பெட்டியாக மாற்றிவிடுங்கள்.

வெளியே போகும் பக்கம்: உங்கள் டொமைன் பெயரில் ஹெல்ப்டெஸ்க் மெயில் அனுப்பப் போகிறது. அதற்கு எஸ்பிஎஃப் (எந்தச் சேவைகள் உங்கள் பெயரில் அனுப்பலாம் என்ற டிஎன்எஸ் பட்டியல்), டிகேஐஎம் (மெயிலில் சேரும் மின்னணுக் கையொப்பம்) இரண்டும் வேண்டும். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு மெயில் அனுப்பும் எல்லோருக்கும் இரண்டில் ஒன்றாவது கட்டாயம். ஒரு நாளைக்கு 5,000க்கு மேல் அனுப்பினால் இரண்டோடு டிமார்க்கும் வேண்டும்.

எஸ்பிஎஃப்பில் வரும் தவறு எப்போதும் ஒரே மாதிரிதான். வழிகாட்டிப் பக்கத்தில் உள்ள வரியை அப்படியே நகலெடுத்து இரண்டாவது பதிவாக ஒட்டுவார்கள். ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்பிஎஃப் பதிவுதான்; இரண்டு இருந்தால் சோதனையே பிழையில் முடியும், அதுவரை ஒழுங்காகப் போன அலுவலக மெயிலும் சந்தேகத்துக்குள்ளாகும். ஏற்கெனவே இருக்கும் பதிவுக்குள் புது சேவையைச் சேர்க்க வேண்டும். சேர்த்துக்கொண்டே போகவும் முடியாது: அந்தப் பதிவைச் சரிபார்க்க 10 டிஎன்எஸ் தேடல்களுக்கு மேல் தேவைப்பட்டால் அதுவும் பிழை.

இரண்டில் டிகேஐஎம்தான் உண்மையில் கை கொடுக்கும். எஸ்பிஎஃப் பார்ப்பது உறையின் மீதுள்ள முகவரியை, அதாவது பெறுபவர் கண்ணில் படாத அனுப்புநர் முகவரியை. பல ஹெல்ப்டெஸ்குகள் உறையில் தம் டொமைனைப் போடும். அப்போது எஸ்பிஎஃப் தேறினாலும் அது உங்கள் டொமைனுக்கான தேர்ச்சி ஆகாது. டிகேஐஎம் கையொப்பம் உங்கள் டொமைன் பெயரில் இருந்தால் டிமார்க் தேறிவிடும்.

டிஎன்எஸ் பலகையில் சிநேம் பதிவின் (ஒரு பெயரை இன்னொரு பெயருக்குத் திருப்பிவிடும் பதிவின்) பெயரை முழுதாக அடித்தால் சில பலகைகள் அதன் பின்னால் டொமைனை மறுபடி ஒட்டிவிடும். டொமைன் பெயர் இரண்டு முறை வரும் பதிவு உருவாகும், "சரிபார்க்க முடியவில்லை" என்று ஹெல்ப்டெஸ்க் சொல்லிக்கொண்டே இருக்கும். சேமித்த பிறகு பதிவை ஒருமுறை திறந்து பாருங்கள்.

தானியங்கிப் பதில்கள் ஒன்றோடொன்று பேச ஆரம்பிப்பது தனிக் கதை. உங்கள் ஹெல்ப்டெஸ்க் "பெற்றுக்கொண்டோம்" என்று அனுப்ப, எதிரே இருக்கும் ஹெல்ப்டெஸ்க் "நாங்களும் பெற்றுக்கொண்டோம்" என்று அனுப்ப, இரவு முழுக்க இரண்டும் மரியாதை பரிமாறிக்கொள்ளும். ஆர்எஃப்சி 3834 என்ற இணையத் தரநிலை ஆவணம் இதற்காகவே தானியங்கி மெயில்களில் ஓர் அடையாள வரி இருக்க வேண்டும் என்கிறது. நல்ல மென்பொருள்கள் அதைப் பார்த்து வாய்மூடிவிடும். எல்லாமும் நல்ல மென்பொருள் இல்லையே. ஆகவே ஒரே முகவரிக்கு ஒரு மணி நேரத்தில் இத்தனை ரசீதுக்கு மேல் போகக் கூடாது என்ற வரம்பைத் தேடி ஆன் செய்யுங்கள்.

10. வாடிக்கையாளர் கண்ணில் படும் எழுத்துகள்

மென்பொருளோடு வரும் ரசீது மெயில் இப்படி இருக்கும்: "உங்கள் கோரிக்கை எண் 1043 பெறப்பட்டது. எங்கள் ஆதரவுக் குழு அதைப் பரிசீலித்து வருகிறது." யாரும் இன்னும் பரிசீலிக்கவில்லை என்பது இருவருக்குமே தெரியும்.

நான் வைத்திருப்பது: "உங்கள் மெயில் கிடைத்தது, எண் 1043. திங்கள் முதல் வெள்ளி வரை காலை 9 முதல் மாலை 6 வரை பார்க்கிறோம். 4 வேலை மணி நேரத்துக்குள் ஒருவர் பதில் எழுதுவார். ஆர்டர் எண்ணைக் குறிப்பிட விட்டுப்போயிருந்தால் இந்த மெயிலுக்கே பதிலாக அனுப்புங்கள். புதிதாக இன்னொரு மெயில் எழுதினால் அது வரிசையில் பின்னால் போய் நிற்கும்." கடைசி இரண்டு வாக்கியங்களைச் சேர்த்த பிறகு ஒரே விஷயத்துக்கு மூன்று டிக்கெட் வருவது கண்கூடாகக் குறைந்தது.

தலைப்பு வரியில் இருக்கும் டிக்கெட் எண்ணை அழகுக்காக நீக்காதீர்கள். பதில் எந்த டிக்கெட்டைச் சேர்ந்தது என்பதை மென்பொருள் மெயிலுக்குள் கண்ணில் படாமல் இருக்கும் தொழில்நுட்ப வரிகளை வைத்துக் கண்டுபிடிக்கும். அவை வழியில் தொலைந்தால் சில மென்பொருள்களுக்கு அந்த எண்தான் துணை.

தயார் பதில்களைப் பத்துக்குள் தொடங்குங்கள். அந்த 200 மெயிலில் அதிகம் வந்த பத்துக்கு, நன்றாக எழுதத் தெரிந்த ஏஜென்ட் ஏற்கெனவே எழுதிய பதிலையே எடுத்துத் தட்டிச் சீராக்குங்கள். வாடிக்கையாளர் பெயர் தானாக வரும் இடத்தில், பெயர் இல்லாதபோது என்ன வரும் என்று பாருங்கள். "வணக்கம் ," என்று காலி இடத்தோடு போகும் மெயிலைவிடப் பெயரே இல்லாத வணக்கம் மேல்.

போர்ட்டலின் (வாடிக்கையாளர் வந்து பார்க்கும் இணையப் பக்கத்தின்) லோகோ, நிறம், சொந்த முகவரி இவையும் இப்போது. முகவரிக்குத் துணை டொமைனைப் பயன்படுத்துங்கள். மூல டொமைனுக்குச் சிநேம் வைக்க முடியாது. பொத்தானின் எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 வேறுபாடு இருக்கட்டும், இணைய அணுகல்தன்மை விதிகளான டபிள்யூசிஏஜியின் ஏஏ தரம் சாதாரண எழுத்துக்குக் கேட்பது அது. சிஎஸ்எஸ்ஸில் (பக்கத்தின் தோற்றத்தை எழுதும் குறியீட்டில்) ஆழமாக இறங்க வேண்டாம். மென்பொருள் நிறுவனம் பக்க வடிவமைப்பைப் புதுப்பிக்கும்போது உங்கள் மாற்றங்களைப் பார்த்துக்கொள்வது உங்கள் தலையிலேயே விழும்.

11. சோதனை

உங்கள் அட்மின் முகவரியிலிருந்து சோதிக்காதீர்கள். மென்பொருள் உங்களை ஏஜென்ட் என்று அடையாளம் காணும். உங்கள் பதிலை ஏஜென்டின் பதிலாகப் பதிவுசெய்யும். வாடிக்கையாளருக்கான விதிகள் ஓடாது. "எல்லாம் சரியாக இருக்கிறது" என்றும் தோன்றலாம், "எதுவுமே ஓடவில்லை" என்றும் தோன்றலாம், இரண்டுமே பொய். அந்த வெளி முகவரிகள் இதற்குத்தான்.

அனுப்பிப் பார்க்க வேண்டியவை: படிவம் வழியாக ஒவ்வொரு வகைக்கும் ஒன்று, தலைப்பே இல்லாத மெயில், பெரிய இணைப்புள்ள மெயில், சிசியில் இன்னொருவர் இருக்கும் மெயில், சால்வ் ஆனதற்கு ஒரு பதில், குளோஸ் ஆனதற்கு ஒரு பதில், விடுப்பு அறிவிப்பு ஆன் செய்த பெட்டியிலிருந்து ஒன்று, ஏஜென்ட் தன் சொந்தப் பெட்டிக்கு வந்ததை ஆதரவு முகவரிக்கு ஃபார்வர்ட் செய்தது. கடைசியானதில் டிக்கெட் யார் பெயரில் விழுகிறது என்று பாருங்கள். ஏஜென்ட் பெயரில் விழுந்தால் பதிலும் ஏஜென்டுக்கே திரும்பி வரும்.

ஒவ்வொன்றுக்கும் என்ன நடக்க வேண்டும் என்று முன்பே எழுதிவைத்துவிட்டு, டிக்கெட்டின் நிகழ்வுப் பதிவைத் திறந்து எந்த விதி ஓடியது என்று ஒப்பிடுங்கள். முடிவை மட்டும் பார்த்தால் போதாது. சரியான குழுவுக்குத் தவறான விதி வழியாகவும் போயிருக்கலாம்.

12. மாறும் நாள்

வெள்ளிக்கிழமை வேண்டாம். செவ்வாய் காலை எனக்குப் பிடித்த நேரம்.

பழைய டிக்கெட்டுகளை ஏற்றுவதாக இருந்தால், அறிவிப்பு விதிகள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஏற்றுங்கள். அணைக்காமல் ஏற்றிய ஓர் இடத்தில், இரண்டு ஆண்டுக்கு முன் முடிந்த விவகாரங்களுக்கெல்லாம் "உங்கள் கோரிக்கை பெறப்பட்டது" என்று மெயில் போனது. அதைப் பார்த்தவர்கள் "எந்தக் கோரிக்கை?" என்று பதில் எழுத, அவை ஒவ்வொன்றும் புது டிக்கெட் ஆனது. முதலில் ஐந்தே ஐந்தை ஏற்றி, சோதனைப் பெட்டிக்கு ஏதாவது வருகிறதா என்று பாருங்கள். உண்மையில், இன்னும் முடியாதவற்றை மட்டும் ஏற்றினாலே போதும். மற்றவை பழைய இடத்தில் தேடக் கிடைத்தால் சரி.

பழைய இன்பாக்ஸில் ஒரு பிரதி தங்கும்படி ஃபார்வர்டை அமையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருவர் மாலையில் இரண்டு பக்க எண்ணிக்கையையும் ஒப்பிடட்டும். ஸ்பேம் என்று தவறாக ஒதுக்கப்பட்ட நிஜ மெயில்கள் அப்போதுதான் தெரியவரும்.

13. முதல் மாதம்

வாரத்தில் ஒரு நாள், "மற்றவை" என்ற வகையில் விழுந்த டிக்கெட்டுகளை மட்டும் திறந்து படியுங்கள். ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வந்தால் அதற்குத் தனி வகை. ஒன்றோ இரண்டோ என்றால் அப்படியே விடுங்கள்.

வாரத்துக்கு ஒரு விதிக்கு மேல் மாற்றாதீர்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது எதைக் கெடுத்தது என்று தெரியாது. மாற்றியது என்ன, ஏன், யார் சொல்லி, எந்தத் தேதியில் என்று ஒரு பொது ஆவணத்தில் நான்கு சொல் எழுதிவையுங்கள்.

மாத முடிவில் ஃபீல்டுகளின் பட்டியலை எடுத்துப் பாதிக்கு மேல் காலியாக இருப்பவற்றைக் குறியுங்கள். அவற்றை அழிக்காமல் செயலிழக்க மட்டும் செய்யுங்கள். அழித்தால் பழைய டிக்கெட்டுகளில் இருக்கும் மதிப்புகளும் சேர்ந்து போகலாம். அந்த ஃபீல்டை எந்த விதியாவது நிபந்தனையாக வைத்திருக்கிறதா என்று அதற்கு முன் தேடிவிடுங்கள். இல்லாத ஃபீல்டுக்காகக் காத்திருக்கும் விதி பிழை காட்டாது, சத்தமில்லாமல் ஓடாமல் இருக்கும்.